லாரியின் அடிப்புறமும் துருவும்

டில்லி மாநகரின் தென்பகுதியில், மெகரௌலியில், குதுப் மினார் வளாகத்துள் நிற்கும் இரும்புத் தூணைப் பற்றிக் கேள்வியுறாத ஆசிரியர் இலர். இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி ஒன்றோடொன்று அடித்து இணைத்து, குப்தர் காலத்தில் செய்யப்பட்ட தூண் அது. நீளம் 7 மீட்டருக்குச் சற்று மேல். எடை 6 டன்னுக்கும் அதிகம். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருவால் அழியவில்லை என்பதைப் பாடநூல்கள் எல்லாம் வியந்து கூறுகின்றன. ஆனால் அத்தூணில் ஒரு மீட்டரளவு மண்ணுள் புதைந்துள்ளது. 1961-ஆம் ஆண்டு தொல்பொருள் துறையினர் தூணைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தபொழுது, புதைந்திருந்த அப்பகுதி நன்றாகத் துருப்பிடித்திருந்தது. இச்செய்தியைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரும்பு ஒன்றே, செய்த கொல்லரும் ஒருவரே, வயதும் ஒன்றே. மேற்பகுதி நிலைத்தது, கீழ்ப்பகுதி அரிபட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இத்தூணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தூணின் இரும்பில் பாஸ்வரம் ஏறத்தாழ 0.25 விழுக்காடு உள்ளது. நனைந்தும் உலர்ந்தும் வரும் மேற்பரப்பில் அப்பாஸ்வரம் இரும்புடன் கூடி மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்து காக்கிறது என்பது அவர் கண்ட முடிபு. உலராது ஈரத்திலேயே கிடக்கும் மண்ணுள் அப்படலம் உருவாக வழியில்லை. மண்ணிலுள்ள உப்புக்களும் அதற்குப் பகையாயின.

தூணின் கதையை இங்கு எடுத்துக் கூறக் காரணம் உண்டு. நம் அலுவலகங்களில் உரமும் விதையும் தளவாடமும் சுமந்து ஓடும் பழைய லாரிகளை நோக்குமின். முன்முகப்பும் கதவும் பளபளக்கும். அடியில் குனிந்து பார்த்தால் செதில் செதிலாய் உதிரும் செம்பழுப்பு நிறம் தெரியும். மேற்பகுதி மழையில் கழுவப்பட்டு வெயிலில் உலர்கிறது. அடிப்பகுதி சேற்றை அப்பிக்கொண்டு, நிழலிலேயே இருந்து, உலராமலே காலங் கழிக்கிறது. அதனுடன், தூணுக்கு வாய்த்த பாஸ்வரமும் லாரிக்கு வாய்ப்பதில்லை. பாஸ்வரம் மிகுந்தால் எஃகு எளிதில் முறியக்கூடியதாகிவிடும் என்பதால், இக்காலத்து எஃகில் அதனை மிகக் குறைத்துவிடுகின்றனர்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. உலோகம் சூழ்நிலையால் அரிபடுவது எதுவாயினும் அதனை அரிமானம் என்கிறோம். அதில் இரும்புக்கு மட்டும் உரிய விளைபொருளே துரு. செம்பின் மீது படியும் பச்சை களிம்பு எனப்படும், அது துருவன்று. மொழிபெயர்ப்பில் இவ்விரண்டையும் கலந்து எழுதும் வழக்கம் பரவிவிட்டதால், வகுப்பில் இவ்வேறுபாட்டைச் சொல்லிவைப்பது நன்று.

துரு எவ்வாறு தோன்றுகிறது? நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருவாகும் என்பது சிறுவரும் அறிந்ததே. ஆயினும் நீரும் ஆக்சிஜனும் ஒரே இடத்தில் நின்று இரும்பைத் தின்பதில்லை. ஒரே தகட்டின் மீது இரண்டு இடங்கள் பிரிந்து செயற்படுகின்றன. ஓரிடத்தில் இரும்பின் அணுக்கள் எலெக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. மற்றோரிடத்தில் அந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜனும் நீரும் ஏற்றுக் காரத்தன்மையுள்ள பொருளாகின்றன. ஆகவே துருப்பிடித்தல் என்பது ஒரு சிறு மின்கலம் தானே இயங்குவதுதான். உலோகம் கம்பியாகவும், மேலே படிந்த ஈரம் மின்பகு திரவமாகவும் பயன்படுகின்றன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூ. ஆர். எவான்ஸ் என்பார் 1920-களில் ஓர் எளிய சோதனையால் இதனைக் கண்ணாரக் காட்டினார். மெருகிட்ட இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை வைத்தார். துளியின் விளிம்பில் நீர் மெல்லியதாதலின் அங்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். நடுவில் அது குறைவு. துரு மிகுதியும் விளிம்பில்தான் உண்டாகும் என்று நாம் எண்ணுவோம். நிகழ்ந்ததோ நேர்மாறு. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியே கரைந்தது. விளிம்பு எலெக்ட்ரான்களை ஏற்கும் இடமாகி அழியாது நின்றது. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிந்தது.

லாரியின் அடிப்புறத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு துளி போதும். சேறு அப்பிய இடத்தின் உட்பகுதிக்குக் காற்றுப் போகாது. அதன் ஓரத்துக்குப் போகும். ஆகவே சேற்றின் அடியிலுள்ள எஃகுதான் கரையும். இரண்டு தகடுகள் ரிவெட்டால் பொருத்தப்பட்ட இடுக்கிலும் அவ்வாறே. வர்ணம் உப்பிய இடத்தில், உப்பலின் அடியிலும் அவ்வாறே. கண்ணுக்குத் தெரியும் துரு ஓரிடத்திலும், உலோகம் கரைந்த குழி வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதைத் தணிக்கை செய்வோர் மறத்தலாகாது.

ஈரம் என்றால் மழைநீர் மட்டுமன்று. இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் என்பவர் 1930-களையொட்டி நடத்திய ஆராய்ச்சிகளால், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தவுடன், அசுத்தக் காற்றில் இரும்பின் அரிமானம் திடீரென விரைவு பெறுகிறது என்பது தெளிவாயிற்று. டில்லியில் ஏப்ரல், மே மாதங்களில் காற்று இவ்வெல்லைக்கு மிகத் தாழ்ந்து வறண்டிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை எல்லையைத் தாண்டும். பலரும் எண்ணிப் பாராத காலம் மார்கழியும் தையும்தான். மழை இல்லை, எனினும் இரவில் எஃகு குளிர்ந்து, அதன்மேல் பனி படிந்து, காலை நெடுநேரம் வரை காய்வதில்லை. புகையில் கலந்த கந்தக டைஆக்சைடு அப்பனியில் கரைந்து அமிலமாகிறது.

இனி உப்பு. பழைய லாரியின் பகைவருள் முதன்மையானது அதுவே. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கசியும். சுத்திகரிக்கப்படாத கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். எனவே உப்பளத்து உப்புத் தூள் ஒட்டிய சட்டம், வறண்டதாக நாம் நினைக்கும் நாளிலும் நனைந்தே இருக்கிறது.

உப்பின் தீமை அதனோடு முடியவில்லை. குளோரைடு இரும்புடன் கூடி இரும்புக் குளோரைடாகிறது. அது நீரும் ஆக்சிஜனும் பட்டுத் துருவாக மாறும்போது குளோரைடு மீண்டும் விடுபட்டு, அமிலத்தோடு கூடி, அடுத்த இரும்பைப் பற்றுகிறது. வேலை செய்துவிட்டுக் கூலியாக எதையும் இழக்காத வேலையாள் போல அது திரும்பத் திரும்ப வருகிறது. துருவின் அடியில் தங்கிய சிறிதளவு உப்பு பல ஆண்டுகள் தீங்கு செய்வது இதனால்தான். துருவின் மேல் எத்துணை உயர்ந்த வர்ணம் பூசினாலும் உள்ளே உப்பு இருக்குமானால் அவ்வர்ணம் நில்லாது.

குளிர்நாடுகளில் சாலையின் உறைபனியை உருக்க உப்பைக் கொட்டுகின்றனர். அந்நாடுகளில் ஊர்தியின் அடிச்சட்டமே துருவால் ஓட்டையாகும் நிலை ஏற்படுகிறது. அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் தன் டகோமா வகை ஊர்திகளின் அடிச்சட்டத் துருவை முன்னிட்டு 2008-இல் உத்தரவாதத்தை நீட்டித்ததும், 2016-இல் வழக்கொன்றில் உடன்பாட்டுக்கு வந்ததும் பலரும் அறிந்தவை. நம் நாட்டுச் சமவெளிச் சாலைகளில் உப்புத் தூவுவதில்லை. ஆனால் நாம் உப்பை லாரியின் மேலேயே ஏற்றுகிறோம். குஜராத்திலிருந்தும் சாம்பர் ஏரியிலிருந்தும் உப்பு, தூத்துக்குடியிலிருந்து உப்பும் மீனும், கிடங்கிலிருந்து பொட்டாஷ் உரமும் அம்மோனியம் சல்பேட்டும். மீனுக்கு இட்ட பனிக்கட்டி உருகி, உப்புநீராகிப் பலகை இடுக்கு வழியே சட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டே நூற்றுக்கணக்கான மைல் வருகிறது. ஆகவே ஒரு லாரி எந்த ஊரில் பதிவாயிற்று என்பதைக் காட்டிலும் அது எதனைச் சுமந்தது என்பதே முக்கியமான கேள்வி.

இத்துறையில் நம் நாட்டில் முறையான ஆராய்ச்சி நடைபெறும் இடம் காரைக்குடியாகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே உள்ளது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்து, இழந்த எடையைக் கணித்து வந்த நிலையமும் அதனைச் சேர்ந்ததே. பல ஊர்களில் இவ்வாறு கணித்து, இந்திய அரிமான வரைபடம் ஒன்றையும் அந்நிலையத்தார் வெளியிட்டனர். மண்டபம் போன்ற கடலோர ஊருக்கும் டில்லி போன்ற உள்நாட்டு ஊருக்கும் இடையேயுள்ள வேற்றுமை மிகப் பெரிது. அங்குள்ள லாரிக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டியதை இங்குள்ள லாரிக்கு அத்துணை அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. ஆனால் லாரி ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று.

அடிப்புறத்தில் எங்கே பார்ப்பது? லாரியின் உயிர்நாடி சேஸிஸ் எனும் அடிச்சட்டம். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட எஃகுத் தூலங்களும், அவற்றை ஏணிப்படி போல் இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது அது. குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு சேரும் மூலை, பட்டைவில்களைத் தாங்கும் கொளுவிகள், டீசல் தொட்டியைக் கட்டும் பட்டைகள், பின் சக்கரத்துக்கு நேர் மேலுள்ள பகுதி ஆகியவற்றில் சேறு தங்கும். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தோர் அறிவர்: அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் இடையே நீளவாக்கில் மரக்கட்டை வைத்து, யூ போல்ட்டால் இறுக்குவர். அம்மரம் மழைநீரைப் பஞ்சு போல் ஏந்திக்கொள்ளும். ஈர மரத்திலிருந்து சிறிது அசெட்டிக் அமிலமும் வெளிப்படும். ஆகவே சட்டத்தின் மேல்விளிம்பு, ஒருவர் கண்ணிலும் படாமல், மரத்தடியில் அரிபட்டுக்கொண்டிருக்கும். பாடியைப் பழுது பார்க்கக் கழற்றும் வாய்ப்பு வரும்போது அவ்விடத்தைப் பாராமல் விடுவது பெருந்தவறு.

துருவுக்குத் தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இரண்டு தகடுகளுக்கிடையே துரு வளர்ந்தால் அது ஆப்புப் போல் அவற்றைப் பிளக்கும். ரிவெட்டின் தலை தெறித்துவிழும். நேராக இருக்க வேண்டிய பொருத்துவாயில் இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே புடைப்புக் காணப்பட்டால், உள்ளே துரு திரண்டுவிட்டது என்று துணியலாம். இதே அளவு மாற்றம் ஆறுதலும் தருவதுண்டு: அங்குலக் கணக்கில் செதில் உதிர்ந்ததென்று அஞ்ச வேண்டா, செதில் பெரிதாயினும் போன உலோகம் அதனினும் மிகக் குறைவே.

எவ்வளவு போயிற்று என்பதை அளந்தே அறிதல் வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் வீதம் இழந்து 4 மில்லிமீட்டர் ஆயிற்று என்க. இழுவிசையை மட்டும் தாங்குவதாயின், அதே சுமைக்கு அத்தகட்டில் தோன்றும் தகைவு ஒன்றரை மடங்காகும். தட்டையான பட்டையாக நின்று வளைவைத் தாங்குவதாயின், தகைவு தடிப்பின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுமாதலின், இரண்டேகால் மடங்காகும். மூன்றில் ஒரு பங்கு தானே போயிற்று என்று சமாதானம் கூறுவோருக்கு இக்கணக்கைக் காட்டலாம். இதன் மேலும், துரு ஒருசீராக உண்பதில்லை. குழி குழியாக உண்கிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும் தகைவு குவிகிறது. மேடு பள்ளச் சாலையில் லட்சக்கணக்கான முறை அசைந்த சட்டத்தில், விரிசல் அக்குழியிலிருந்தே தொடங்கும்.

அளவிட மீயொலித் தடிப்புமானி உண்டு; பெரிய பட்டறைகளில் கிடைக்கும். அது இல்லாத ஊரில் சிறு சுத்தியலும் கூர்மையான திருப்புளியும் போதும். நல்ல எஃகைத் தட்டினால் ஓசை கணீரென்று எழும். அரிபட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியால் அழுத்திப் பார்க்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் ஒருவரும் புகுதலாகாது. சக்கரங்களுக்கு அண்டைக் கட்டையிட்டு, உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தியோ, பட்டறைக் குழியின் மேல் நிறுத்தியோதான் வேலை தொடங்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இன்றித் துருவைத் தட்டுவதும் தகாது.

அடிச்சட்டத்தினும் முன்னதாக மனிதர் உயிருக்கு உலைவைப்பது பிரேக் குழாய். எஃகுக் குழாய் சட்டத்தோடு பொருந்தக் கவ்வி பிடிக்கும் இடத்தில் சேறு அடையும். குழாய் அங்கேதான் மெலியும். துருப்பிடித்த பிரேக் குழாயைச் சுரண்டி வர்ணம் பூசுதல் கூடாது. மாற்றுதலே முறை. காற்றுப் பிரேக்குள்ள லாரிகளில் இன்னுமோர் இடம் உண்டு. அழுத்திய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகிக் காற்றுக் கலத்தின் அடியில் தேங்கும். கலம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. காற்றை உலர்த்தும் கருவி பொருத்தப்படாத பழைய வண்டிகளில் நாள்தோறும் கலத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். வடியும் நீர் தெளிவாக இன்றிச் செம்பழுப்பாய் வருமாயின் கலத்தைக் கழற்றிச் சோதிக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அரை நிமிட வேலை. பல டிப்போக்களில் செய்யாமல் விடப்படுவதும் இதுவே.

இனித் துருவை நீக்கும் முறைக்கு வருவோம். முதல் வேலை கழுவுதல். நல்ல நீரால் கழுவுதல். டில்லியின் நஜப்கர் பக்கத்துக் கிணறுகள் போல உவர்நீர் உள்ள இடங்களில், அந்நீரால் கழுவுவது உப்பை நீக்கி உப்பைப் பூசுவதாகும். நீரை விசையோடு பீய்ச்சுவோர் மின்கம்பி இணைப்புக்களையும் சக்கரத் தாங்கிகளையும் விலக்க வேண்டும். இரண்டு சட்டங்கள் சேரும் மூலைகளில் நீர் தெளிந்து வரும்வரை விடுதல் வேண்டும். பிறகு தளர்ந்த செதிலைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுமுறை கழுவி உலர்த்துக. இம்மறுமுறைக் கழுவலே இன்றியமையாதது. செதிலின் அடியில் ஒளிந்த உப்பு இப்பொழுதுதான் வெளிப்படுகிறது.

பழைய லாரிகளின் அடிவர்ணத்தில் ஈயச் செந்தூரமோ துத்தநாகக் குரோமேட்டோ இருத்தல் கூடும். முன்னது நரம்புக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், நஞ்சு. பின்னது புற்றுநோய் விளைவிப்பது. உலர்ந்த நிலையில் எமரித்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நனைத்துத் தேய்ப்பதும், தகுந்த முகமூடி அணிவதும், சுரண்டிய தூளைத் திரட்டி அப்புறப்படுத்துவதும் கடமை. பட்டறைப் பையன்கள் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இவ்வேலை செய்வதைக் காண்கிறோம். அத்துணி இத்தூளைத் தடுப்பதில்லை.

முற்றும் நீக்க இயலாத, ஆனால் உறுதியாக ஒட்டியுள்ள மெல்லிய துருவுக்கு, துருமாற்றி எனும் திரவங்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக்குகிறது. மெகரௌலித் தூணின் படலத்துக்கு ஓரளவு உறவினம். பின்னது துருவோடு கூடிக் கருநீலமான டானேட்டாகிறது. இது நமக்குப் புதிதன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே இரசாயனம்தான். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. துருமாற்றி செதில் உதிரும் துருவுக்குப் பயன்படாது. உப்பை வெல்லவும் அதனால் ஆகாது. அமிலம் கலந்தவற்றைப் பட்டைவில்லிலும் உயர்வலிமை போல்ட்டுகளிலும் பூசலாகாது; அவ்வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகுள் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும்.

வெளிப்பட்ட எஃகின் மேல் துத்தநாகப் பாஸ்பேட் கலந்த அடிவர்ணமும், அதன்மேல் ஏற்றதொரு மேல்வர்ணமும் பூசுதல் நன்று. துத்தநாகத் தூள் மிகுந்த அடிவர்ணம் சிறந்ததே. எனினும் துத்தநாகம் எஃகை நேரே தொட்டால்தான் தான் கரைந்து எஃகைக் காக்கும். துருவின் மேல் அதனைப் பூசுவது வீண். பூசும் காலமும் முக்கியம். டில்லியில் ஆடி ஆவணியில் பூசினால் வர்ணத்தின் அடியில் ஈரம் சிறைப்படும். ஐப்பசியோ பங்குனியோ ஏற்றது. சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண், கிரீஸ் இடும் முனைகள், ரப்பர்க் குழாய்கள், பிரேக் உருளைகள் இவற்றை வர்ணம் மூடாதபடி மறைத்துக்கொள்க.

தார் போன்ற கருங்குழம்பைத் தடிப்பாகப் பூசும் வழக்கம் பற்றி ஒரு சொல். புது எஃகில், சுத்தமாகப் பூசினால் அது பயனுள்ளதே. பழைய துருவின் மேல் பூசினால் சில ஆண்டுகளில் இறுகி வெடிக்கிறது. வெடிப்பு வழியே நீர் புகுகிறது. எவான்ஸின் துளி அங்கே மறைவாகத் தன் வேலையைச் செய்கிறது. தகுதிச் சான்றுக்குச் செல்லும் முதல்நாள் மாலை அடிப்புறத்துக்குக் கருப்புப் பூசும் பழக்கம் இதனினும் கொடியது. அதனால் ஏமாறுவது ஆய்வாளர் அல்லர். அவ்வண்டியில் மறுநாள் ஏறும் ஓட்டுநரும் உதவியாளரும்தான்.

கழித்த எஞ்சின் எண்ணெயை அடியில் அடிப்பதும் பரவலாக உண்டு. எண்ணெய் ஈரத்தை விலக்கும் என்பது மெய். ஆனால் கழித்த எண்ணெயில் எரிதலால் விளைந்த அமிலங்களும் நீரும் உலோகத் தூளும் உள்ளன. அது ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். சொட்டும் இடமெல்லாம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அதனை அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்போரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். எண்ணெய்ப் பூச்சே வேண்டுமென்போர் ஆட்டுரோமக் கொழுப்பாகிய லானோலினையோ, இதற்கெனச் செய்யும் மெழுகுப் பூச்சையோ பயன்படுத்தலாம். அவை இடுக்குகளுள் ஊர்ந்து செல்லும், இறுகி வெடியா. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதே குறை.

பாட்டரியோடு இணைத்தால் வண்டி முழுவதும் துருப்பிடியாது என்று கூறி விற்கப்படும் மின்கருவிகளும் உள. நீரில் மூழ்கிய கப்பலுக்கும் மண்ணுள் புதைந்த குழாய்க்கும் மின்னோட்டத்தால் காப்பளிக்கலாம். 1824-லேயே ஹம்ஃப்ரி டேவி கப்பலின் அடிச் செப்புத் தகட்டை வேறு உலோகத் துண்டால் காத்துக் காட்டினார். அங்கே மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லத் தொடர்ச்சியான நீரோ ஈரமண்ணோ உண்டு. காற்றில் நிற்கும் லாரிக்குத் திட்டுத் திட்டான ஈரமே உண்டு. ஒரு திட்டுக்குச் சென்ற மின்னோட்டம் அடுத்த திட்டுக்குச் செல்லாது. ஆதலின் அக்கருவிகளுக்குச் செலவிடும் பணத்தை அடிவர்ணத்துக்குச் செலவிடுக.

ஓட்டையான இடத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கும் முன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். வெப்பப் பதப்படுத்திய நெடுஞ்சட்டத்தில் பற்றுவைப்பு அப்பதத்தைக் கெடுத்து, ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே முறியச் செய்யும். பாட்டரி இணைப்பைக் கழற்றாமலும், டீசல் தொட்டியை அகற்றாமலும் பற்றுவைப்போர் உளர்; அவர்களைத் தடுத்து நிறுத்துவது மேற்பார்வையாளரின் பொறுப்பு.

மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு லாரிக்கு 8 ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டில்லித் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டதும், உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதி செய்ததும் நினைவிருக்கும். அவ்விதி பின்னர் சில மாற்றங்களுக்கு உட்பட்டது. எனினும் அதனையொட்டிப் பல வண்டிகள் பிற மாநிலங்களுக்குக் கைம்மாறின. வறண்ட வடநாட்டு வண்டியாயிற்றே, துரு இராது என்று நம்பி வாங்குவோர், பலகைகளைத் தூக்கிப் பார்த்து, மரக்கட்டையின் அடியைத் தட்டிப் பார்த்து, முன்னர் ஏற்றிய சரக்கு யாது என விசாரித்து வாங்குக. அளந்த தடிப்பை, அளந்த இடத்தோடும் தேதியோடும் வண்டியின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு குறைந்தது என்பது தானே விளங்கும்.

ஆசிரியர்களுக்கு மூன்று சோதனைகள். எவான்ஸின் துளியை வகுப்பிலேயே செய்யலாம். 3 விழுக்காட்டு உப்புநீரில் சிறிது பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சில சொட்டு பினால்ப்தலீனும் கலந்து, மெருகிட்ட இரும்புத் தகட்டில் ஒரு துளி விடுக. சிறிது நேரத்தில் இரும்பு கரையுமிடம் நீலமாகவும், காரம் தோன்றுமிடம் இளஞ்சிவப்பாகவும் மாறும். முதலில் நிறங்கள் அங்கங்கே புள்ளிகளாகத் தோன்றிப் பின்னரே நடுவும் விளிம்புமாகப் பிரியும். மாணாக்கர் பொறுத்துக் காண வேண்டும். பினால்ப்தலீன் இல்லாத பள்ளியில் மஞ்சள் தேய்த்த தாளில் சுண்ணாம்புநீர் பட்டால் சிவப்பதைக் காட்டி, காரத்தின் அடையாளம் இது என முதலில் விளக்கலாம்.

இரண்டாவது, துருவேறிய ஆணியைக் கடுக்காய்க் கஷாயத்தில் ஓரிரவு ஊறவைத்தல். பழுப்பு கறுப்பாக மாறியிருக்கும். ஆணியைத் துணியால் அழுத்தித் தேய்த்தால், உறுதியான துரு இருந்த இடத்தில் கறுப்பு நிற்பதையும், செதிலாயிருந்த இடத்தில் கறுப்போடு செதிலும் பெயர்ந்துவிடுவதையும் மாணாக்கர் காண்பர்.

மூன்றாவது, ஊரிலுள்ள லாரி ஒன்றின் அடியிலிருந்து விழுந்த செதிலை எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்நீரில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் இடுதல். தயிர் போல் வெண்மை திரண்டால் குளோரைடு உண்டு. செதில் சேர்க்காத வடிநீரிலும் அதே சோதனையைச் செய்து ஒப்பிட வேண்டும். குழாய்நீரில் செய்தால் அதிலுள்ள குளோரைடே வெண்மையைக் காட்டிவிடும். லாரியைக் கழுவிய பின் சட்டத்திலிருந்து சொட்டும் நீரையும் இவ்வாறே சோதித்து, எத்தனை முறை கழுவியபின் வெண்மை குறைகிறது என்பதை மாணாக்கரைக் கொண்டு எண்ணச் சொல்லலாம்.